ஒத்தப்பனை வளைவில் பனை கிடையாது

ஒத்தப்பனை வளைவைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் தேடுவது ஒரு பனைமரத்தைத்தான். கிடைக்காது. கரை முழுவதும் தாழம்புதரும் சவுக்கும்தான். தேடிக் களைத்து, "பேரு வெச்சவனுக்குப் புத்தி இல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போவார்கள். அதைக் கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பேர் வைத்தவர்களுக்குப் புத்தி நிறையவே இருந்தது. இல்லாமல் போனது எங்கள் குடும்பத்துக்கு.

கோட்டக்குப்பத்திலிருந்து கடலோரமாக வடக்கே நடந்தால் கரை கோடு போட்டது போல நேராகப் போய்க்கொண்டிருக்கும். ஒரே ஒரு இடத்தில் நிலம் கொஞ்சம் பின்வாங்கி, கதிர் அரிவாள் மாதிரி வளைந்து, மறுபடி நேராகும். புத்தகத்தில் குடா, விரிகுடா என்று எழுதுவார்கள். கடல்காரர்களுக்கு அது வெறும் வளைவு. வடக்கு மூலையில் செம்பாறை நீட்டிக்கொண்டிருக்கும், தெற்கு மூலையில் மணல்திட்டு. வாய்க்கு நேராகத் தண்ணீருக்கு அடியில் ஒரு பாறை வரிசை உண்டு. அலை ஓய்ந்த நாளில் அதன் மேல் நுரை சுழிப்பது தெரியும். கடல் கொந்தளிக்கிற நாளில் எங்கும் நுரையாக இருப்பதால் எது பாறை, எது அலை என்று தெரியாது. அந்த வரிசையின் நடுவில் ஒரு சந்து. இரண்டு கட்டுமரம் பக்கத்தில் பக்கத்தில் நுழையலாம், மூன்றாவது முட்டிக்கொள்ளும். உள்ளே வந்துவிட்டால் தண்ணீர் எங்கள் ஊர் ஏரியைப் போல அடங்கிக் கிடக்கும். அதனால்தான் முப்பது குடிசை போட்டுக்கொண்டு அங்கே ஒரு குப்பம் இருந்தது.

வளைவுக்கு மேற்கே இரண்டு மைல் தள்ளி நிலம் மேடாக எழும். அசல் செம்மண். மழை அறுத்த ஓடைகள் அதில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். ஐப்பசியில் அடைமழை பிடித்தால் அந்த ஓடைகள் எங்கள் மண்ணை அள்ளிக்கொண்டுபோய் வளைவில் கொட்டும். பத்து நாளைக்கு வளைவு மட்டும் செக்கச்செவேல் என்று கிடக்கும், வெளியே கடல் பச்சையாக இருக்கும். எங்கள் வீடும் நிலமும் அந்த மேட்டின் மேல்தான், வானூர்ப் பக்கம். மழையை நம்பி மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் போடுகிற காடு. மரம் என்று பார்த்தால் ஒரு புளி, நாலு வேம்பு, கிழக்கு ஓரத்தில் இரண்டு கிழட்டுப் பனை. ஒன்று மேட்டின் விளிம்பில் நிற்கும். இன்னொன்று அதற்குப் பின்னால், ஏர் ஓட்டினால் ஒரு சால் நீளம் தள்ளி, கொஞ்சம் உயரமான இடத்தில் நிற்கும்.

ஐம்பதுகளில் நான் வளர்ந்தபோது அந்த வளைவின் பெயருக்கு ஆளுக்கு ஒரு கதை வைத்திருந்தார்கள். மல்லாட்டை வாங்க வரும் கோட்டக்குப்பத்து பாய் ஒருவர், அவருடைய முன்னோர் காலத்தில் ஒரு பனந்துண்டு தனியாகக் கரை ஒதுங்கியது, அதுதான் பேர் என்பார். திண்டிவனம் தாலுகா ஆபீசில் வரைபடத்தைப் பிரித்துக்காட்டிய குமாஸ்தா, வெள்ளைக்காரத் துரை அளக்க வந்தபோது அங்கே நின்ற ஒரே மரத்தில் குதிரையைக் கட்டினான் என்று அப்பாவிடம் அடித்துச் சொல்லியிருக்கிறார். எங்கள் ஊரில் சொன்னது வேறு: முனி குடியிருந்த பனை ஒன்று கோபித்துக்கொண்டு கடலுக்குள் நடந்து போய்விட்டதாம். மூன்று கதையிலும் பனை இருந்தது. ஒருவர்கூடக் கடலில் நின்று கரையைப் பார்த்தவர் இல்லை.

முனிக் கதைக்கு எங்களிடம் ஆதாரமும் இருந்தது. வருஷத்துக்கு ஒரு முறை, ஆடி மாதம், குப்பத்துப் பெண்கள் நாலைந்து பேர் மேட்டுக்கு ஏறி வருவார்கள். எங்கள் இரண்டு பனைக்கும் மஞ்சள் துணி சுற்றி, அடியில் ஒரு முறம் நிறைய நல்ல வஞ்சிரக் கருவாட்டை வைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போவார்கள். நாங்கள் தொடமாட்டோம். முனிக்குப் படைத்ததைத் தொட்டால் கை வீங்கும் என்று அம்மா மிரட்டி வைத்திருந்தாள். சாயங்காலத்துக்குள் நாயும் காக்கையும் தீர்த்துவிடும். உச்சிப்பொழுதில் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று வயசுப் பெண்களுக்குக் கட்டுப்பாடு வேறு. அந்த மரத்தடியில் நிழல்கூட ஒழுங்காக விழாது, யார் போகப்போகிறார்கள்?

வருகிற பெண்களில் ஒருத்தியை எங்களுக்கு நன்றாகத் தெரியும். வாரம் ஒரு தரம் கூடையில் கருவாடு எடுத்துக்கொண்டு வந்து, அதற்குக் கேப்பையும் மல்லாட்டையும் மாற்றிக்கொண்டு போவாள். நாற்பது வயதிருக்கும். வாசலில் நின்று கூப்பிட்டால் கொல்லையில் மாடு திரும்பிப் பார்க்கும், அப்படிக் குரல். அவளுக்கும் அம்மாவுக்கும் படி அளப்பதில் தினுசு தினுசாகச் சண்டை வரும். "இன்னாக்கா, உம் படிக்கு வயித்து வலியா, உள்ள இழுத்துக்கினு கீது?" என்பாள். "உன் கருவாட்டுல பாதி மண்ணுடி, அத மொதல்ல உதறு" என்று அம்மா திருப்பிக் கொடுப்பாள். இருவருக்கும் சண்டை இல்லாவிட்டால் வியாபாரம் ருசிக்காது. அவளுக்கு ஒரே மகன். கல்யாணமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. அப்பனும் மகனும் ஆளுக்கொரு கட்டுமரத்தில் போய்வந்தார்கள்.

எனக்குப் பத்தொன்பது வயதில் வளவனூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையனை எனக்குப் பிடித்துவிட்டது, அதை மறைப்பானேன்? தட்டை நீட்டும்போது நிமிர்ந்து பார்த்தேன், அவரும் பார்த்தார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது அவருடைய அம்மா அண்ணாந்து எங்கள் கூரையைப் பார்த்து, "மழைக்கு ஒழுவுமா?" என்று கேட்டுவிட்டார். சாதாரணமாகக் கேட்டதுதான். அப்பாவுக்கு அது முள்ளாகக் குத்திவிட்டது. தை மாதம் கல்யாணம், அதற்குள் ஓட்டு வீடு என்று அன்றைக்கே முடிவு செய்தார். ஓடு விழுப்புரத்திலிருந்து வண்டியில் வந்து இறங்கியது. கூரைச் சட்டத்துக்கு வைரம் பாய்ந்த பனை வேண்டும். "எங்கப்பா போய்த் தேடுவ? நம்ம முனிப்பனை ரெண்டும் சும்மாதான நிக்குது" என்று சொன்னது நான்தான். வேறு யாரும் இல்லை.

அப்பா யாருக்கும் குறை வைக்காத மனிதர். எறும்புப் புற்றைக்கூடச் சுற்றிக்கொண்டுதான் ஏர் ஓட்டுவார். முனி இருக்கிற மரத்தைச் சும்மா வெட்டுவாரா? எங்கள் பக்கத்தில் அதற்கு முறை இருக்கிறது. மரத்தில் இருப்பதிடம் சொல்லிக்கொண்டு, வேறு மரத்துக்குக் குடிமாற்றிவிட்டுத்தான் கோடாலி போடவேண்டும். கண்டமங்கலத்திலிருந்து பூசாரியை அழைத்து வந்தார். உடுக்கை அடித்து, கோழி அறுத்து, செம்புத் தண்ணீரோடு முனியைப் புளியமரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். எல்லாம் முடிந்து கிளம்பும்போது பூசாரி ஒரு நிபந்தனை போட்டார். ஒரு நாளைக்கு ஒரு மரம்தான் வெட்டலாம். இரண்டையும் ஒரே நாளில் சாய்த்தால் முனிக்குக் கோபம் வரும், வீட்டில் நடக்கிற நல்ல காரியத்தில் கை வைக்கும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது சும்மாவா?

ஆவணி மாதத்தில் ஒரு நாள் காலை மரம் வெட்டுகிறவர்கள் இரண்டு பேர் வந்து, பின்னால் நின்ற பனையைச் சாய்த்தார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்தது. மீதி நாளைக்கு என்று சொல்லிவிட்டுப் புதுச்சேரிப் பக்கம் போனார்கள். எங்கள் பக்கம் மதுவிலக்கு இருந்த அந்தக் காலத்தில் மரம் வெட்டுகிற ஆட்கள் வேலை முடிந்ததும் புதுச்சேரிப் பக்கம் எதற்குப் போவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அன்று விடியற்காலையிலிருந்தே கடல் சரியில்லை. இரண்டு மைலுக்கு இப்பால் எங்கள் வாசல்வரை இரைச்சல் கேட்டது.

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் கருவாட்டுக் கூடையோடு அந்தக் குப்பத்துக்காரி வந்தாள். வழக்கம்போல வாசலில் கூப்பிடவில்லை. கிழக்கு ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா சந்தோஷமாகத்தான் போய்ப் பேசினார்.

"வாம்மா. உன் சாமிக்கு ஒரு கொறையும் வெக்கல. பூசாரிய இட்டாந்து, கோழி அறுத்து, மரியாதையா புளியமரத்துக்கு மாத்திட்டேன். இனிமே மீன அங்க வெச்சிடுங்க."

"எந்தச் சாமிங்க ஐயா?"

"அதாம்மா, பனைமரத்து முனி."

"அங்க முனி எதுவும் இல்லீங்க." அவள் கூடையை இறக்கவில்லை, அது தானாகச் சரிந்து விழுந்தது. "அது வழிங்க ஐயா. எங்க ஆளுங்க கடல்லேர்ந்து உள்ள வர்ற வழி."

அன்றைக்குத்தான் அந்தப் பெயர் எனக்கு விளங்கியது. கடலில் நின்று மேட்டைப் பார்த்தால் எங்கள் பனைகள் இரண்டாகத் தெரியும். கட்டுமரம் பாறைச் சந்துக்கு நேராக வரும்போது மட்டும் பின்மரம் முன்மரத்தின் தலைமேல் ஏறி, இரண்டும் சேர்ந்து ஒரே நெட்டைப் பனையாகத் தெரியும். "வடக்க தள்ளிப் போயிட்டா பின்மரம் வடக்க எட்டிப் பாக்கும். தெக்க போயிட்டா தெக்க எட்டிப் பாக்கும். ஒத்தப் பனையா ஆச்சின்னா கண்ண மூடிக்கினு உள்ள வந்துடலாம்" என்று அழுதுகொண்டே சொன்னாள். பனை கரையில் இல்லை. எங்கள் கொல்லையில் இருந்தது. அதுவும் ஒன்றில்லை, இரண்டு. எங்கள் மரத்தின் பெயரைத்தான் அந்தக் கடல் வைத்துக்கொண்டிருந்தது, எங்களுக்கே தெரியாமல்.

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. "தெரியாம பண்ணிட்டேம்மா. போவட்டும், இன்னொண்ண வெட்டல. அது அப்பிடியே நிக்கட்டும்" என்றார்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, அதத்தான் ஐயா வெட்டணும்! இப்ப எங்க நின்னு பாத்தாலும் ஒத்தப் பனைதான தெரியும்? பாறைக்கு நேரா வந்தாலும் வா வான்னுதான கூப்புடும்? எம் புருசனும் புள்ளையும் கடல்ல கீறாங்க. அஞ்சு கட்டுமரம் போயிருக்குது. மத்தியானக் காத்துக்குத் திரும்பிடுவாங்க. மரமே இல்லன்னா ஏதோ பேஜாருன்னு வெளியவே நின்னுக்குவாங்க, தெக்க போயி தெறந்த கரையில அடிச்சி ஏறிக்குவாங்க. ஒண்ணு நின்னா அத்தினி பேரும் பாறையில போயிடுவாங்க. ஜல்தியா வெட்டுங்க ஐயா!"

வெட்டத்தான் வேண்டும் என்று எங்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஆனால் அப்பா அசையவில்லை. அவர் என்னைப் பார்த்தார். ஏன் பார்த்தார் என்று எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். ஒரே நாளில் இரண்டு மரம் சாய்ந்தால் நல்ல காரியத்தில் கை வைக்கும் என்று பூசாரி சொன்ன நல்ல காரியம் நான்தான். "எங்கல்யாணம் கெட்டாலும் பரவாயில்ல, வெட்டுப்பா" என்று நான் உடனே சொன்னேன் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். உண்மை அப்படி இல்லை. முனியை நம்பினேன், எனக்கு வளவனூர்ப் பையனும் வேண்டியிருந்தது. அவள் போய் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு, "அக்கா, உனுக்குப் பொண்ணு, எனுக்குப் புள்ள" என்றாள். அப்போதுதான் எனக்கு வெட்கம் வந்தது. கொட்டகைக்குள் போய்க் கோடாலியை எடுத்துவந்து அப்பாவிடம் நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார்.

கிழட்டுப் பனையின் மேல் கோடாலி போடுவது கல்லில் போடுவதற்குச் சமம். முதல் வெட்டுகள் எல்லாம் டங்கு டங்கென்று திரும்பி வந்தன. வெட்டுகிற ஆட்கள் இருந்தால் ஒரு பொழுதில் முடிந்திருக்கும். எங்களிடம் இருந்தது அப்பாவும், எங்களுக்கு ஏர் ஓட்டுகிற ஒருவரும். இருவரும் மாறி மாறிப் போட்டார்கள். அவர்கள் மூச்சு வாங்கும்போது அவள் கோடாலியைப் பிடுங்கிக்கொண்டாள். நானும் போட்டேன். என் உள்ளங்கை கொப்பளித்துப் போய்விட்டது. அம்மா கொண்டுவந்த கூழை யாரும் தொடவில்லை. வெளிமரம் இரும்பு, உள்ளே போனால் சோறு என்று பனையைப் பற்றிச் சொல்வார்கள். அந்தச் சோற்றைக் காண்பதற்குள் சூரியன் உச்சியைத் தாண்டிவிட்டது. உச்சிப்பொழுதில் போகக்கூடாது என்று எங்களை மிரட்டிய மரத்தடியில் குடும்பமே நின்றுகொண்டிருந்தோம். பயப்பட யாருக்கு நேரம்?

மேட்டு விளிம்பிலிருந்து கடல் நன்றாகத் தெரியும். அவள் நிமிடத்துக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு சமயம் அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. நான் திரும்பினேன். தூரத்தில் பாய்கள் தெரிந்தன. அஞ்சு. வளைவை நோக்கி வந்துகொண்டிருந்தன.

"முன்னால வர்றது, ஒட்டுப் போட்ட பாய், எம் புள்ளைது" என்றாள்.

அப்பா கோடாலியைக் கீழே போட்டுவிட்டு மாட்டை அவிழ்க்கச் சொன்னார். ஏர் ஓட்டுகிறவரை மரத்தில் ஏற்றி, முக்கால் உயரத்தில் வண்டிக் கயிற்றைக் கட்டி, இரண்டு மாட்டையும் பூட்டி இழுத்தோம். மாடு கால் வழுக்கி மண்டி போட்டது. மறுபடி இழுத்தோம். நானும் அம்மாவும் அவளும்கூடக் கயிற்றைப் பிடித்துத் தொங்கினோம். மரம் ஒரு முறை கிரீச் என்றது, பிறகு நின்றுகொண்டது. ஒட்டுப் போட்ட பாய் மற்றவற்றைவிட்டுத் தனியாக முன்னேறிவிட்டது. அது சந்துக்கு நேராக வருகிறதா, தள்ளி வருகிறதா என்று நாங்கள் நின்ற இடத்திலிருந்து எங்களுக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது, அதுதான் கொடுமை. அப்பா திரும்பி ஓடிப்போய் வெறி பிடித்தவர் போல நாலு வெட்டுப் போட்டார். பனை சாய்ந்தது. எங்கள் காலடி நிலம் அதிர்ந்தது, செம்புழுதி கிளம்பி எதையும் பார்க்க முடியாமல் மறைத்துவிட்டது.

புழுதி அடங்கும்வரை அவள் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். ஒட்டுப் பாய் இன்னும் வந்துகொண்டுதான் இருந்தது. பிறகு அது சட்டென்று இறங்கியது. கவிழ்ந்துவிட்டது என்று நினைத்து நான் கத்திவிட்டேன். "இல்ல பாப்பா, அவனே எறக்கிட்டான், எறக்கிட்டான்" என்று அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். பின்னால் வந்தவை ஒவ்வொன்றாகத் தெற்கே முகத்தைத் திருப்பின. ஒட்டுப் பாயும் மறுபடி ஏறி, அவற்றின் பின்னால் போனது. அவள் வாய்விட்டு எண்ணினாள். அஞ்சு வந்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சி. எல்லாரும் பொழைச்சாங்க" என்றார் அப்பா. முகத்தில் சிரிப்பு இருந்தது.

அவள் விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "பொழைச்சாங்க ஐயா" என்றாள். "நாளைலேர்ந்து எப்பிடி உள்ள வருவாங்க?"

வெட்டுங்கள் வெட்டுங்கள் என்று காலையில் அவள் கதறியபோதே அவளுக்கு இது தெரிந்திருக்கிறது. ஒரே கோடாலியால் மகனைக் காப்பாற்றிக்கொண்டாள், தன் ஊரை வெட்டிக்கொண்டாள். எங்களுக்குத்தான் அன்று சாயங்காலம்வரை அது உறைக்கவில்லை.

அடுத்த வாரம் கூடையோடு வந்தாள். திறந்த கரையில் ஏறும்போது அவள் புருஷனின் கட்டுமரம் அலையில் அடிபட்டுக் கட்டு அவிழ்ந்துபோனதாம், ஆட்களுக்குச் சிராய்ப்போடு சரி. "எம் புள்ள சொல்றான், இன்னிக்கி இன்னாடா இவ்ளோ சுளுவா ஒண்ணாச்சின்னு நெனச்சிக்கினே வந்தானாம்" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கருவாட்டை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அப்பா கொல்லையிலிருந்து வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார். "இத்தினி வருசமா எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. கெஞ்சுகிற குரல்தான்.

"நீங்க கேக்கலியே ஐயா. வருசா வருசம் மீன் வெச்சிட்டுப் போனமே, எதுக்குன்னு ஒரு நாள் கேட்டீங்களா?"

"அது முனிக்குன்னு..."

"மரம் மீனு துன்னுமா? அது மரத்துக்காரருக்கு வெச்சது. உங்களுக்கு. வியாபாரம்னா எங்க கையால வாங்குவீங்க. சும்மா குடுத்தா வாங்குவீங்களோ, மாட்டீங்களோ. அதான் மரத்தடியில வெச்சிட்டுப் போறது, வழக்கம்."

அம்மா அன்று படியைத் தலை தட்டாமல் குவித்து அளந்து போட்டாள். அவள் குவியலைத் தன் கையாலேயே தட்டிவிட்டாள். சண்டை போடவில்லை.

அப்பா சும்மா இருக்கவில்லை. இரண்டு பனை நின்ற இடத்திலும் நெட்டைச் சவுக்குக் கம்பை நட்டு, உச்சியில் வெள்ளை வேட்டியைக் கட்டினார். "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்றாள் அம்மா. கடலில் போனவர்கள் வந்து, கண்ணுக்கே தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு கம்பை இணைத்து உயரமாக்கினார், காற்று முறித்துப் போட்டது. கடைசியில் இரண்டு குழியிலும் பனங்கொட்டை போட்டார். பனங்கொட்டை போட்டவன் நுங்கு தின்னமாட்டான் என்பார்கள். அது வானத்தில் தலை காட்டுகிறவரை குப்பம் சாப்பிடாமல் இருக்குமா? ஐப்பசியும் கார்த்திகையும் கடல் பொங்கியது. வெளியே போனால் உள்ளே வரத் தெரியாது என்பதால் பாதி நாள் அவர்கள் போகவே இல்லை. பட்டினி கிடந்தார்கள். அந்த இரண்டு மாதத்தில்தான் எங்கள் பனையெல்லாம் சட்டமாகி, அதன் மேல் ஓடு ஏறியது. மழைக்கு ஒரு சொட்டு ஒழுகவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

மார்கழியில் குப்பம் கலைந்தது. முப்பது குடிசையையும் பிரித்துக் கட்டி, வடக்கே மரக்காணம் போகிற வழியில் வேறொரு கரைக்குப் போனார்கள். போவதற்கு முன் சொல்லிக்கொள்ள வந்தாள். எனக்கு ஒரு வஞ்சிரத்தை இலையில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். "கல்யாணப் பொண்ணு, இது வியாபாரம் இல்ல" என்றாள். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அழுதுவிட்டேன். அவள் அழவில்லை, என் கன்னத்தைக் கிள்ளினாள்.

அப்பா அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அங்க வழி எதும்மா?"

அவள் சொன்னாள். அங்கே ஒரு கோயில் கோபுரமும், அதற்கு முன்னால் யாருடைய தோப்பு ஓரத்திலோ நிற்கும் ஒரு நெட்டை இலவமரமும். இரண்டும் ஒன்றானால் வழி. தோப்பு யாருடையது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது அப்பா ஒரு பத்திரிகையில் மஞ்சள் தடவி எடுத்துக்கொண்டு குடையோடு கிளம்பினார். அம்மா கத்தினாள். வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, அந்தப் பக்கம் நமக்கு எந்த உறவுக்காரன் இருக்கிறான் என்று கேட்டாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திண்டிவனம் போய், அங்கிருந்து பஸ் பிடித்து, மீதியை நடந்து, மறுநாள் மத்தியானம்தான் திரும்பி வந்தார். கால் முழுக்கப் புழுதி. சாப்பிட்டுக்கொண்டே எங்களிடம் சொன்னார்.

அந்தத் தோப்புக்காரர் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். உறவு எதுவும் பிடிபடவில்லை. அப்பா இலவமரத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார், எங்கள் பனை, முனி, கோடாலி, ஒன்று விடாமல். தோப்புக்காரர் சிரித்துவிட்டாராம். தீப்பெட்டிக் கம்பெனிக்கு அந்த இலவமரத்தைக் கேட்டு ஏற்கெனவே ஆட்கள் வந்துவிட்டுப் போயிருக்கிறார்களாம்.

"கடல்காரன் எம் மரத்தப் பாத்து வந்தா எனுக்கு இன்னாய்யா? இத சொல்லவா வானூர்லேர்ந்து வந்த?" என்று கேட்டிருக்கிறார்.

"நான் யாரையும் கேக்காம வெட்டிட்டேங்க" என்றாராம் அப்பா. "நீங்களும் கேக்க மாட்டீங்க. அதான் நானே வந்தேன்."